இரு புலவர் கண்ட ஆங்கிலக் கிராமம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே பொதுநிலங்கள் பல, பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. அவற்றிலே ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழையர் அவ்வுரிமையை இழந்தனர். ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’, செல்வன் ஒருவனின் பூங்காவும் ஏரியும் பலர் வாழ்ந்த நிலத்தை விழுங்கியமைக்கு இரங்குகின்றது. ஆயினும், அவர் காட்டும் பழைய ஊரிலே பசியும் பிணியும் தலைகாட்டுவதில்லை.

ஜோர்ஜ் கிராப் 1783இல் ‘கிராமம்’ என்னும் நூலால் இத்தகைய இனிய ஓவியத்தை மறுத்தார். மண்சுவர் கொண்ட ஏழையர் விடுதியையும், பரிவற்ற மருத்துவனையும் அவர் மறையாது காட்டினார்.

கிராப் ஒருவரே உண்மை கூறினார் எனத் துணிதல் பொருந்தாது. வறுமையை உள்ளவாறு காட்டியவர் கிராப். நிலம் யார் கைப்பட்டது என வினவியவர் கோல்ட்ஸ்மித். அவ்வினாவை விடுத்து அவர்தம் இனிமையை மட்டும் போற்றுதல், அந்நூலைப் பாதியே கற்றதாகும்.