தாமதம் அரங்குக்குள்தான் பிறக்கிறது

உலக இணையத்தின் வரைபடத்தில் கொச்சிக்கு நெடுநாளாக இடம் உண்டு. ஐரோப்பாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் இணைத்த சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் இங்கே கரையேறியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா செல்லும் சேஃப் கேபிளும் இங்கே தொட்டுச் செல்கிறது. அதே சீ-மீ-வீ 3 இலங்கையில் கரையேறிய இடம் கொழும்பை அடுத்த கல்கிசை. கொச்சிக்கு அருகே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே உர ஆலையும் வேதி ஆலைகளுமாக இருக்கும் ஏலூரில் ஒரு இளைஞர் மன்றம் நாற்பது பேரைக் கூட்டிக் கேமிங் போட்டி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் உறைந்து, சுட்ட குண்டு ஒரு நொடி கழித்துப் பாய்ந்தால், அங்கே முதலில் திட்டு வாங்குவது நெட் கம்பெனிதான். கொழும்பிலும் அப்படித்தான் திட்டுவார்கள். ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் வரும் லேக்கின், அதாவது தாமதத்தின், பெரும்பகுதி அரங்குக்குள்ளேயே பிறக்கிறது என்பது என் கருத்து. அரங்கை முதலில் பார்க்கும் பழக்கத்துக்கு இலங்கையின் பழைய போட்டி முறை நல்ல அடித்தளம் போட்டது. இந்தியச் சிற்றூர் அமைப்பாளர்கள் தங்களிடமும் இருந்த அதே முறையைக் கைவிட்டிருக்கக் கூடாது.

தூரத்தால் வரும் தாமதத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். கொச்சியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர், போய்த் திரும்பப் பத்து மில்லிநொடிக்குச் சற்று மேல். கொழும்பிலிருந்து மும்பைக்குப் பதினைந்து, சிங்கப்பூருக்கு இருபத்தேழு. கேபிள் வளைந்து போவதும் வழியில் உள்ள ரவுட்டர்களும் இதைக் கூட்டும், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். ஆனாலும் அது பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும் தாமதம். ஒரு சீரான ஐம்பது மில்லிநொடிக்கு ஆட்டக்காரரின் விரல் பழகிவிடும். நாற்பதிலிருந்து முந்நூறுக்குத் தாவித் திரும்பும் பிங்குக்கு (தகவல் போய்த் திரும்பும் நேரத்துக்கு) யாராலும் பழக முடியாது. கேபிள் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஏலூருக்கு லாபம் என்று நினைப்பதும் தவறு. ஆட்டத்தின் சர்வர் மும்பையில் இருந்தால் தகவல் மும்பை போய்த்தான் வர வேண்டும்.

இலங்கையில் 2008 முதல் நடந்த ஸ்ரீலங்கா சைபர் கேம்ஸ் போட்டிகளை கேமர்.எல்கே அமைப்பு கட்டியெழுப்பிய காலத்தில் பெரிய ஆட்டங்களின் சர்வர்கள் தீவுக்கு வெளியேதான் இருந்தன. வீட்டு இணைப்புகளிலும் மாத டேட்டா வரம்பு இருந்தது. பகலுக்குத் தனி அளவு, நள்ளிரவுக்குப் பிறகு தனி அளவு என்று பிரித்து விற்றார்கள். எனவே கணினிகளை ஒரே அரங்கில் கம்பியால் கோத்து, சர்வரையும் அங்கேயே வைத்து, இணையத்தை நம்பாமல் ஆடுவதில் நியாயம் இருந்தது. இந்தியாவிலும் இந்த மரபு இருந்தது. சிஃபி ஐவே மையங்களில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறை அப்படித்தான் ஆடியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. 2018இல் பப்ஜி மொபைல் வந்து கூட்டத்தைக் கைப்பேசிக்கு அள்ளிச் சென்றது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த இருவரின் ஆட்டம் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்புவது அப்போதிருந்து இயல்பாகிவிட்டது. இலங்கையிலும் மொபைல் ஆட்டங்கள் பெருகிவிட்டன, மறுக்கவில்லை. கற்க வேண்டியது அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான்.

அரங்குக்குள் என்ன நடக்கிறது? வைஃபையின் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. ஆட்டக்காரர்களோடு பார்வையாளர்களின் கைப்பேசிகளும் அங்கே சேர்ந்துகொண்டால், 300 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கியும் பயனில்லை. இதைவிட அதிகம் ஏமாற்றுவது அப்லோட். போட்டியை யூடியூபில் நேரலை விடும் கணினி அப்லோட் வேகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ரவுட்டரின் வரிசையில் ஆட்டத் தகவல்கள் தேங்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோட் எண் நன்றாகவே தெரியும், ஆட்டம் மட்டும் இழுக்கும். இந்தத் தேக்கத்தை 2010 வாக்கில் மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் எடுத்துக்காட்டிய பிறகு, அதைத் தணிக்கும் வரிசை முறைகள் சாதாரண ரவுட்டர்களுக்கே வந்துவிட்டன. அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் குறைத்து வைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும். நேரலைக்குத் தனி இணைப்பு இன்னும் நல்லது. அவசரத்தில் ஒரு கம்பியின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டதால் அரங்கின் பிணையம் முழுவதும் செத்துப்போவதும் நடக்கக்கூடியதே. குற்றவாளியைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களுக்குப் பிங் போட்டால் போதும்: அரங்கின் ரவுட்டர், இணைய நிறுவனத்தின் முதல் முனை, ஆட்ட சர்வர். ரவுட்டருக்கே நூறு மில்லிநொடி ஆகிறதென்றால் நெட் கம்பெனிக்குப் போன் போட வேலையே இல்லை.

கேரள அரசின் கே-ஃபோன் இழை இணையம் வந்துவிட்டது, 5ஜி வந்துவிட்டது, இனி எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அவை அரங்கின் வாசல்வரை வரும் பாதையைத்தான் அகலமாக்குகின்றன. உள்ளே காற்றில் நடக்கும் நெரிசலை வைஃபை வழியே ஆடும்வரை அவை தொடுவதில்லை. எல்லாரும் தனித்தனி 5ஜியில் ஆடினால் நெரிசல் பக்கத்துக் கோபுரத்துக்கு இடம் மாறும், அதை அமைப்பாளர் கைவைத்துச் சரிசெய்யவும் முடியாது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ, வேலரன்ட் போன்ற ஆட்டங்கள் சிறு அமைப்பாளர்களுக்கு உள்ளூர் சர்வர் தருவதில்லை. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 லேன் (உள்ளூர்ப் பிணைய) வசதி இல்லாமல் வெளிவந்தபோதே நிறுவனங்களின் போக்கு தெரிந்துவிட்டது. இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது, அந்த ஆட்டங்களில் மும்பைத் தூரத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2க்கு இன்றும் சொந்தக் கணினியில் சர்வர் ஓட்டலாம். மொபைல் ஆட்டமானாலும் ஆட்டக்காரர்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒதுக்கி, பார்வையாளர்களுக்கு வேறு வைஃபை கொடுக்கலாம். போட்டி விதி இடம் தந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி-சி அடாப்டர் வழியே கம்பியிலேயே இணைக்கலாம். செலவு என்று பார்த்தால் ஒரு சுவிட்சும் சில கம்பிச் சுருள்களும்தான், அடுத்த ஆண்டும் பயன்படும்.

இலங்கை 2019இல் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்தது, இந்தியா 2022 டிசம்பரில். விளையாட்டு என்றால் தோற்றவரின் முறையீட்டுக்கு நடுவர் பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்று பிங்குகளையும் போட்டி முடியும்வரை ஆட்டக்காரர்களின் அதே பிணையத்தில் இருக்கும் ஒரு கணினி நேரத்தோடு பதிந்துகொண்டே இருந்தால், எந்தச் சுற்றில் அரங்கின் பிணையம் தடுமாறியது, எதில் ஆட்டக்காரரின் சொந்தக் கருவி மட்டும் தடுமாறியது என்று பிரித்துக் காட்ட முடியும். முதல் வகைக்கு மறு ஆட்டம் கொடுக்கலாம், இரண்டாம் வகைக்கு மறுக்கலாம்.