பொய்வலி, மாயவலி: மருத்துவச் சொற்களில் அடைமொழியின் இடம்

தமிழ் மருத்துவக் கலைச்சொற்கள் பெரும்பாலும் அவற்றின் தூய்மை குறித்தே மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. ஒரு சொல் எம்மொழிக்குரியது என்று வினவிய அளவிற்கு, அது நோயாளியைப் பற்றி என்ன கூறுகிறது என்று நாம் வினவவில்லை. வலியைச் சுட்டும் இரு தொடர்களை முன்வைத்து அவ்வினாவை எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது.

மகப்பேறு குறித்த எழுத்திலும் பேச்சிலும் வழங்கும் 'பொய்வலி' முதலாவது. கருவுற்ற காலத்தில் கருப்பை இடையிடையே சுருங்கித் தளர்வதை 1872இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் விளக்கினார். இச்சுருக்கங்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, வரவர வலுப்பதில்லை, கருப்பை வாயைத் திறப்பதும் இல்லை. எனவே பேறு தொடங்கவில்லை என்பதே மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தி. இன்றைய ஆங்கில மருத்துவ வழக்கில் 'பொய்' என்னும் அடை பேற்றைத் தழுவுகிறது. தமிழிலோ பேற்றின் தொடக்கத்தையும் 'வலி' என்றே குறிக்கிறோம். 'வலி கண்டுவிட்டது' என்றால் பேறு தொடங்கிவிட்டது என்பதே பொருள். ஆதலின் 'பொய்வலி' இயல்பாகத் தோன்றிய பண்புத்தொகையே. ஆயினும் கேட்கும் பெண்ணுக்கு 'வலி' என்பது முதலில் அவள் உடலில் உணர்வது. பேற்றுக்குரிய பொய்ம்மை அவள் உணர்வின்மேல் ஏறிவிடுகிறது. ஒருமுறை 'பொய்' எனக் கேட்டுத் திரும்பியவள் மறுமுறை வரத் தயங்கக்கூடும். 37 வாரம் நிறைவதற்குமுன் தொடங்கும் குறைமாதப் பேறும் முதலில் இவ்வாறே தோன்றலாம் என்பதால், இத்தயக்கம் சிறியதன்று.

இதே நிலையை மக்கள் 'சூட்டு வலி' என்கின்றனர். உடற்சூடே காரணம் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்காது. எனினும் காரணத்தில் பிழைபடும் அச்சொல் வலியை மறுக்கவில்லை. இரண்டனுள் முதலில் திருத்தத்தக்கது 'பொய்வலி'யே என்பது என் கருத்து.

இரண்டாவது, உறுப்பு நீக்கப்பட்டோரிடம் காணப்படும் வலி. அவர்களுள் பலர் இல்லாத கையிலும் காலிலும் வலியை உணர்கின்றனர். இதனை 'மாய உறுப்பு வலி' என எழுதும்போது 'மாய' என்பது உறுப்பைத் தழுவுகிறதா, வலியைத் தழுவுகிறதா என்பது தெளிவாகவில்லை. 'மாயவலி' எனச் சுருக்கிவிட்டால் ஐயத்திற்கே இடமில்லை, வலியே மாயமாகிவிடுகிறது. மறைந்து நிற்கும் வேற்றுமையை விரித்து 'மாய உறுப்பின் வலி' என எழுதினால் மாயம் உறுப்போடு நின்றுவிடும். தொகைகளைப் பயிற்றுவிக்கும் தமிழ்த்துறைகள் கலைச்சொல்லாக்கத்தில் கருத்துரைக்க வேண்டிய இடம் இதுவே.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் வெளியிட்ட வலியின் வரையறையை 2020இல் திருத்தியது. திசுச் சேதத்தோடு தொடர்புடைய துன்ப அனுபவம் மட்டுமன்றி, அதனை ஒத்த அனுபவமும் வலியே என அது கொள்கிறது. வலிக்கிறது என ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்பதும் அதன் விளக்கக் குறிப்புகளுள் ஒன்று. மேற்காட்டிய இரு தொடர்களும் இக்குறிப்போடு முரண்படுகின்றன.

'பொய்வலி'க்கு ஈடாக 'முன்சுருக்கம்' என்பதைப் பாடநூல்கள் கொள்ளலாம். துடித்து வந்தவளிடம் அச்சொல் பயன்படாது. 'வலி இருக்கிறது, பேறு இன்னும் தொடங்கவில்லை' என்று இரண்டு தொடர்களாகவே அவளிடம் கூற வேண்டும்.