“எந்த ஊரு?” வரை சரி

நெல்லை மாவட்டத்து மணிமுத்தாற்றில் முன்பின் தெரியாத இருவர் பேச்சைத் தொடங்கச் சிரமப்படவே வேண்டாம். அணை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். 118 அடி வரை தண்ணீர் தேங்கும் அணை அது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று அணைகளின் நீர்மட்டமும் நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் தினமும் வருகிறது. அதைக் காலையிலேயே படித்துவிட்டவர்கூட டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவார்.

“அண்ணாச்சி, மேல மழை உண்டா?”

“ராத்திரி ஊத்து எஸ்டேட்டுல நல்லாக் கொட்டிருக்காம்.”

“அணையில எம்புட்டுக் கெடக்கு?”

“தொண்ணூறத் தாண்டிட்டுன்னு சொல்லுதாவ.”

“அப்பப் பெருங்கால் வாய்க்கால்ல தொறந்துருவாங்க.”

இவ்வளவுதான். ஆனால் இதற்குள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரத் தகுந்தவர்களாகிவிட்டார்கள். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் இத்தகைய பேச்சைப் பற்றி எழுதினார். தகவல் சொல்வதற்காக அல்ல, சேர்ந்திருப்பதற்காகப் பேசப்படும் பேச்சு இது என்பது அவர் கருத்து. தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு அது பாதிதான் பொருந்தும் என்பேன். இங்கே தண்ணீரைப் பற்றிய பேச்சு சேர்ந்திருப்பதற்கும் ஆகிறது, பிழைப்புக்கும் ஆகிறது. கார் நெல் நட முடியுமா, பிசானப் பயிர் கரையேறுமா, அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் வருமா என்பதெல்லாம் அந்த அடிக்கணக்கில் அடங்கியிருக்கிறது. அது எல்லாருக்கும் வேண்டிய சங்கதி. யாரையும் தனியாகச் சுட்டாத சங்கதியும்கூட. பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை வெள்ளம் மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு இந்தப் பக்கம் எந்தப் பேச்சும் “வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?” என்றே தொடங்கியது. அந்தக் கேள்வி முன்பின் தெரியாதவரையும் தன் இழப்பைச் சொல்ல வைத்தது. சொன்னவருக்கு மனசு லேசானது. சாதாரணப் பேச்சு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

தொழில் சார்ந்த இடங்களிலும் இதன் பலன் கண்கூடு. வயலுக்கு வரும் வேளாண் அலுவலர் எடுத்த எடுப்பில் “காப்பீடு கட்டியாச்சா?” என்று கேட்டால் விவசாயி ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வார். “என்ன ரகம் போட்டிருக்கிய? அம்பை 16-ஆ?” என்று கேட்டால் கதையே வேறு. விதை எங்கே வாங்கினார், போன போகத்தில் எத்தனை மூட்டை கண்டது, எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை என்று வரப்பில் நின்றபடியே கால்மணி நேரம் பேசுவார். காப்பீட்டுக்கான பதிலும் அதற்குள் தானாக வந்துவிடும். இரண்டாவது கேள்வி அவரை விஷயம் தெரிந்தவர் இடத்தில் வைக்கிறது, முதல் கேள்வி பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இடத்தில் வைக்கிறது. வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எங்கு போனாலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம்.

நம் வழக்கத்தின் கோளாறு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தண்ணீர், மழை, பஸ் எல்லாம் பேசியான பிறகு “எந்த ஊரு?” என்று வரும். அதுவரை சரி. பிறகு “ஊருல எங்ஙன?” பிறகு “எந்தத் தெரு?” பிறகு “யாரு வீட்டுப் பிள்ள?” நாலாவது கேள்விக்குள் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். எதிரில் இருப்பவர் என்ன சாதி என்பதுதான் அது. வாய்விட்டு அந்தச் சொல்லை யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டும்விட்டோம். பெயரை வைத்துக் கலவரம் வருகிறது என்பதால் 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் பெயர்ப்பலகையில் இல்லாததை அறியும் ஆசை போகவில்லை. அது அன்பான விசாரிப்புக்குள் வந்து குடியேறிவிட்டது. மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டத் தடை வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிறு கட்டிய கையிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கட்டாத கையிடம் கேட்கிறார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்ல ஓர் அரசாணை போதும். நாக்கில் நிற்கும் கேள்விக்கு எந்த அரசும் ஆணை போட முடியாது, பேசுகிறவர்தான் விட வேண்டும்.

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான கேட்டேன்” என்று சொல்வார்கள். பலர் கள்ளமில்லாமல்தான் கேட்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “ஒங்களுக்கு எந்த சாஸ்தா?” என்ற நெல்லைக்கே உரிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். பங்குனி உத்திரத்தன்று சென்னை, மும்பை என்று எங்கே இருந்தாலும் குடும்பம் குடும்பமாகத் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்து சேர்வார்கள். ஒரே சாஸ்தாவைப் பல சாதிக் குடும்பங்கள் கும்பிடுவதுண்டு. அதனால் அந்தக் கேள்வி சில சமயம் சாதியைத் தாண்டிய ஓர் உறவைக்கூடத் திறந்துவிடும். அதைப் போய்க் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தெருவைக் கேட்ட பிறகு அதே கேள்வி வந்தால் அது சரிபார்ப்பு.

கள்ளமில்லை என்பதைக் கேட்பவரின் மனதை வைத்து முடிவு செய்ய முடியாது. பதிலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். “வாங்க, உக்காருங்க” என்றவர் “சரி சரி” என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அல்லது குரல் தாழ்ந்து “அப்ப நம்ம ஆளுதான்” என்று நெருங்கி வருவார். இரண்டுமே ஒரே நோயின் அறிகுறி. இதைப் பட்டு அறிந்தவர்கள் பதிலையே மழுப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சென்னை அலுவலகத்தில் “நெல்லையில எங்க?” என்றால் “அம்பாசமுத்திரம் பக்கம்” என்பார்கள். “பக்கம்னா?” என்றால் அலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கேட்டவர் “பழகத் தெரியாத ஆளு” என்று முடிவு கட்டிவிடுவார். இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

பதிலே இல்லாதவர்களும் உண்டு. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று அணைக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தோட்டங்களின் நிலம் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் பெறப்பட்டது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும் 2024-இலேயே குத்தகை எடுத்த நிறுவனம் வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கீழே வர வேண்டியதாயிற்று. அவர்களிடம் “எந்த ஊரு?” என்றால் “எஸ்டேட்” என்பார்கள். “அது சரி, சொந்த ஊரு?” என்பது அடுத்த கேள்வி. கொள்ளுத்தாத்தா விட்டு வந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டுமா, வேலை பறிபோன தோட்டத்தின் பெயரையா? நட்பாகக் கேட்டதுதான். பதில் சொல்கிறவருக்கு அது வலிக்கும் என்று கேட்பவருக்குத் தோன்றுவதேயில்லை.

பெண்களிடம் பேச்சு இன்னும் சீக்கிரம் வரம்பு தாண்டும். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் “ஏதும் விசேஷம் உண்டா?” என்று பஸ்ஸில் கேட்பதை அக்கறை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதில் எடைபோட எதுவுமில்லை. அந்தக் கேள்வி வேண்டாம்.

இத்தனை ஆபத்து என்றால் பேசாமலே இருந்துவிடலாமே என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிடுகிறார்கள். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எப்ளி, ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோவின் ரயில், பேருந்துப் பயணிகளிடம் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பயணம் அதிக இன்பமாக இருந்தது. அப்படிப் பேசுவது இன்பத்தைக் குறைக்கும் என்றுதான் மக்கள் முன்கூட்டி நினைத்தார்கள். “எந்தத் தெரு?” என்ற கேள்விக்கு அஞ்சும் ஒருவருக்கு இந்த முடிவு அப்படியே பொருந்துமா என்று தனியாகத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் பேச்சால் கிடைக்கும் இதத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தெருவைக் கேட்காமல் பேச்சை எப்படி வளர்ப்பது என்பவர்களுக்கு மணிமுத்தாறே பதில் வைத்திருக்கிறது. இங்கே சிறப்புக் காவல் படை முகாம் இருக்கிறது. வேலூர், தர்மபுரி என்று பல மாவட்டத்துக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களிடம் தெருவைக் கேட்டுப் பயனில்லை. கேட்டாலும் கடைக்காரருக்கு அந்தத் தெருக்கள் எதுவும் தெரியாது. ஆனாலும் மாதக்கணக்கில் பேச்சு ஓடுகிறது. “லீவு குடுத்துட்டாங்களா?”, “போன வாரம் அம்மைக்கு மேலுக்குச் சொகமில்லன்னியளே, இப்ப எப்படி இருக்காவ?” என்று போன தடவை விட்ட இடத்திலிருந்து எடுக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். சொன்னதைக் காதில் வாங்கி நினைவில் வைத்திருக்க வேண்டும். தெருவையும் குலத்தையும் கேட்டு நெருங்குவது அந்த உழைப்பைத் தட்டிக்கழிக்கும் குறுக்குவழி. வேலூர்க்காரருக்குச் செய்யும் அதே மரியாதையைப் பக்கத்து ஊர்க்காரருக்கும், மேலே இருந்து இறங்கி வந்தவருக்கும் செய்வதற்கு என்ன தடை?