பண்ணும் பொருளும்: திருப்பாவை இசையமைப்பை முன்னிட்ட ஒரு விசாரம்

அருளிச்செயல்களை முன்னோர் வகுத்த முறையிலேயே பாடவேண்டும் என்று ஒரு சாராரும், காலத்துக்கேற்ற இசையில் பாடுவதால் என்ன குறை என்று மற்றொரு சாராரும் வழக்கிடுவது மார்கழிதோறும் காணப்படுவதே. இரு கட்சியாரும் ஸ்ரீமந்நாதமுனிகளையே தமக்கு ஸாக்ஷியாகக் காட்டுவர். ஆதலின் பூர்வாசாரியர்கள் இவ்விஷயத்தில் கொண்ட அளவுகோல் யாது என்பதை முதற்கண் தெளிவது தகும்.

நாலாயிரத்துள் இயற்பா ஒழிந்த மூன்று பகுதிகளும் இசைப்பா எனப்படும். அவற்றை நாதமுனிகள் தேவகானத்தில் அமைத்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார் என்பது குருபரம்பரைப் பிரஸித்தம். தேவகானம் பாடிய பெண்ணைச் சோழனுடைய அவை மதியாதிருக்க, மனுஷ்யகானம் பாடியவளே அங்குப் பாராட்டப்பெற்றாள்; தேவகானத்தின் அருமையை நாதமுனிகளே உணர்ந்து உகந்தார் என்றும் அவ்வரலாறு கூறும். இதில் கருதற்குரியன இரண்டு. பழைய இசை அரங்கத்தாரால் ஒதுக்கப்படுதல் இந்நாளில் தோன்றிய குறையன்று. நாதமுனிகள் காலத்திலேயே இருந்தது. மேலும், ஆழ்வார்களுக்குப் பின் மறைந்திருந்த பாசுரங்களை மீட்ட நாதமுனிகளே அவற்றுக்குப் பண்ணும் அமைத்தார். ஸம்ப்ரதாயத்தின் மூலபுருஷர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று இசையமைப்பு என்றால், இசையமைத்தல் என்னும் செயலையே ஸம்ப்ரதாய விரோதம் எனல் பொருந்தாது. அவர் அமைத்த பண்தானும் இன்று முழுமையாகச் செவிக்கு எட்டுவதில்லை. பதிகத் தலைப்புகளில் பண்ணும் தாளமும் ஏட்டில் நிற்கின்றன. கோஷ்டியில் நிலைபெற்றிருப்பது பெரும்பாலும் இயலே.

புதுமை எதுவும் கொள்ளத்தக்கதே என்று இதனால் முடிவு செய்தலும் ஆகாது. இங்கு எம்பாரைப் பற்றிய ஐதிஹ்யம் ஒன்று வழிகாட்டும். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டும் பதிகத்துக்கு அரையர் அபிநயிக்கையில், கண்ணிமையை மடித்துக் காட்டி அச்சுறுத்தும் வழக்கமான பாவனையைச் செய்தார். உடையவர் பின்னே எழுந்தருளியிருந்த எம்பார், திருத்தோள்களில் சங்காழி தரித்த பாவனையைக் குறிப்பால் காட்ட, அரையரும் மறுமுறை அவ்வாறே அபிநயித்தார். தங்கள் பிள்ளை என்று எண்ணியிருந்தவர்களுக்கு அவன் ஈச்வரனாய்த் தோன்றுவதைக் காட்டிலும் அச்சம் தருவது வேறில்லை அன்றோ! அது எம்பாருடைய குறிப்பே என்று அறிந்து உடையவரும் உகந்தருளினார்.

அரையர் முதலில் காட்டியது வழக்கம். பின்பு காட்டியது புதுமை. ஆயினும் பாசுரத்தின் உட்பொருளுக்கு அணித்தாக நின்றது பின்னதே. ஆகவே ஆசாரியர்கள் கொண்ட அளவுகோல் பழமையோ புதுமையோ அன்று, பொருளே என்பது இவ்வொரு நிகழ்ச்சியாலேயே விளங்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) செய்த திருப்பாவை இசையமைப்பை நோக்கலாம். முப்பது பாசுரங்களையும் கர்நாடக இராகங்களில் அமைத்து அவர் அளித்தது கச்சேரி மேடையைக் கடந்து இல்லந்தோறும் பரவிற்று. அதில் முதலைந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராக பஞ்சகம் அமைந்துள்ளது. இது ஸங்கீத மரபின் வரிசை, வியாக்கியானத்திலிருந்து பெற்றதன்று. எனினும் திருப்பாவையில் முதலைந்து பாசுரங்கள் நோன்பின் தோற்றுவாயாய் நிற்க, ஆறாம் பாசுரம் முதல் ஆய்ப்பெண்களைத் துயிலுணர்த்துதல் தொடங்குகிறது. இசையின் எல்லையும் பொருளின் எல்லையும் இங்கே ஒன்றாயின. அவ்வாறே, கைங்கரியமே புருஷார்த்தம் என்று நோன்பின் பயனை வெளியிடும் இருபத்தொன்பதாம் பாசுரத்துக்கு, நிறைவுக்குரியதாய் வழங்கும் மத்தியமாவதி அமைந்தது. ஆண்டாள் தன் பேச்சாகப் பலச்ருதி கூறும் முப்பதாம் பாசுரத்துக்குச் சுருட்டி அமைந்தது. ஆய்ச்சியர் பேச்சு முடியும் இடமும் ஆண்டாள் பேச்சு தொடங்கும் இடமும் இதனால் செவிக்கும் வேறாய்ப் புலப்படுகின்றன. இவ்விடங்களில் புதுப்பண் பழம்பொருளுக்குத் தொண்டு செய்கிறது என்பதில் ஐயமில்லை.

பதினைந்தாம் பாசுரத்தில் நிலைமை வேறு. இது முழுவதும் உள்ளே கிடப்பவளுக்கும் புறம்பே நிற்பவர்களுக்கும் நிகழும் உரையாடல். ஓரடிக்குள்ளேயே வினாவும் விடையும் அடுத்தடுத்து வருகின்றன. எந்தச் சொல் யாருடையது என்று வியாக்கியாதாக்கள் பிரித்துக் காட்டியது வெறும் சொல்லமைதி கருதியன்று. பிறர் தன்மேல் ஏறிட்ட குற்றத்தை இல்லை செய்யாமல் தன்னதாகவே ஏற்றுக்கொள்ளும் பாகவத லக்ஷணம் இவ்வுரையாடலில்தான் வெளிப்படுகிறது. ஆதலாலேயே இப்பாசுரத்தைத் திருப்பாவையின் உயிர்நிலையாகப் பெரியோர் கொண்டாடுவர். பேகடையில் ஒரே குரலில் ஒரே போக்காகப் பாடுகையில், குற்றம் சொன்னவள் யார், ஏற்றவள் யார் என்பது செவிக்குப் புலப்படாது. தாளத்தை நிரப்புதற்பொருட்டு ஒருத்தியின் சொல்லின் கடையை மற்றொருத்தியின் சொல்லின் முதலோடு சேர்த்துப் பாடினால் பாசுரத்தின் பிராணனே போய்விடும். இக்குறையைப் பேகடையின்மேல் ஏற்றுதல் முறையன்று. அதே இராகத்தில் இரு குழுவாக நின்று ஒருவர்க்கொருவர் விடைசொல்லும் வகையில் பாடினால் பொருளும் நிற்கும், இசையும் கெடாது.

ஒரு சொற்றொடரையே மீண்டும் மீண்டும் பாடும் நிரவல் முறை பற்றியும் இங்குச் சொல்லவேண்டும். மீட்டுப் பாடுதல் ஸம்ப்ரதாயத்துக்குப் புறம்பானதன்று. அரையர் ஒரே தொடரைப் பலகால் பாடிப் பல பொருள்தோன்ற அபிநயிப்பர். பின்பு தம்பிரான்படி வியாக்கியானமும் அருளிச்செய்வர். திருவரங்கப்பெருமாளரையர் திருவனந்தபுரப் பதிகத்தை ஆளவந்தார் திருமுகத்தை நோக்கி மீளமீளப் பாட, அதனைத் தமக்கிட்ட நியமனமாகவே கொண்டு அவர் அப்பொழுதே அத்திருப்பதிக்குப் புறப்பட்டார். அங்கே மீட்டுப் பாடியதனால் சொல் கேட்டவர் நெஞ்சில் ஆழ இறங்கிற்று. கச்சேரியில் மீட்டுப் பாடுகையிலோ ஸ்வரங்கள் வளர, சொல் தேய்கின்றதும் உண்டு. முறை ஒன்றே, நோக்கே வேறு.

ஆகவே புதிதாக இசையமைப்பவர் வினவவேண்டியது தம் இராகம் பழையதா புதியதா என்பதன்று. பதம் பிரியும் இடத்தில் இசையும் பிரிகிறதா, பேசுகிறவர் மாறுமிடத்தில் குரலும் மாறுகிறதா, வினைமுற்றுக்குக் காத்திருக்கும் வாக்கியத்தைத் தாளம் இடையில் அறுத்துவிடுகிறதா என்பனவே வினாக்கள். பழமையைக் காப்பவரும் இவ்வினாக்களுக்கு விலக்கல்லர். பொருளறியாமல் விரைந்து ஓதிச் செல்லும் கோஷ்டியும் பொருளறியாமல் விரித்துப் பாடும் கச்சேரியும் பாசுரத்துக்குச் செய்யும் அபசாரம் ஒன்றே. வியாக்கியானத்தைக் காலக்ஷேபமாகக் கேட்டவர் பண் அமைக்கவும், பண் அறிந்தவர் கோஷ்டியில் அந்வயிக்கவும் வாய்க்குமாயின், நாதமுனிகள் தம் மருமக்களுக்கு அளித்த செல்வத்தில் ஒரு பங்கேனும் இக்காலத்தார்க்கும் கிட்டும்.