மாத்தளைக் கதைகளும் அயற் கிராமத்து மனிதரும்

மலையகச் சிறுகதைகளில் இனமுரண்பாட்டைப் பொருளாகக் கொண்டவற்றை நோக்குமிடத்து, ஒரு வாய்பாடு அடிக்கடி தலைகாட்டுவதை அவதானிக்கலாம். லயம் எரிகின்றது, அயற் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் தமிழ்க் குடும்பத்தைத் தம் வீட்டில் ஒளித்துக் காக்கின்றார், கதை முடிகின்றது. 1977இலும் 1983இலும் இத்தகையோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் முதலியோரைத் தந்த மாவட்டம் அதனை நன்கறியும். எமது வினா வேறு. அந்தச் சிங்களவருக்கு நிலம் உண்டா? கடன் உண்டா? கதை கூறுவதில்லை. நற்சான்றிதழ் போன்று வந்து போகின்றார்.

மாத்தளையிலோ இவ்வினாவுக்கான விடை மண்ணிலேயே கிடக்கின்றது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத கண்டிக் குடியானவரின் சேனை நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு முடிக்குரியதான காணிகள் கோப்பித் துரைமாரிடம் சென்றன. அதே கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1848 யூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய குடியானவரும் மாத்தளைக்கு அத்திசையிலிருந்தே வந்தனர்.

ஆயின், பொது எதிரியைச் சுட்டியதுடன் பணி முடிந்ததென எம்போன்ற மார்க்சிய விமர்சகர் அமைதியடைந்தமை தவறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரையே நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டபோது, அயற் கிராமத்தவர் எவரும் அக்கணக்கில் வரவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து இருதரப்புத் துன்பத்தையும் சமமாக நிறுக்கும் கதை, பரிவின் பெயரால் வரலாற்றை அழிக்கின்றது.

மறுபுறம் நோக்குவோம். 1987–89 காலத்தில் தென்னிலங்கைக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, இம்மாவட்டச் சிங்கள இளைஞர் பலர் காணாமலாக்கப்பட்டனர். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150இற்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன; அவற்றின் காலம் குறித்துச் சர்ச்சையும் எழுந்தது. வடக்கில் பிள்ளையைத் தேடும் தாய் கேட்கும் கேள்வியையே இங்குள்ள தாயும் அரசிடம் சிங்களத்தில் கேட்கின்றாள். இதனை நாமும் நெடுநாள் இலக்கியப் பொருளாகக் கருதவில்லை. தமிழரைக் காத்ததற்காகவன்றி, தன் மகனை இழந்தமைக்காகவே அத்தாய் தோட்டத்து எழுத்தாளர் ஒருவரின் கதைக்குள் வருவாளாயின், அக்கதையிலிருந்து எமது ஆய்வை நாம் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.