மலரின் கடைசிப் பக்கங்கள்

ஊருக்கொரு நூதனசாலை வேண்டும் என்ற பேச்சு எம்மவர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. உடனே காத்தான்குடியைக் காட்டுவார்கள். 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையில் பழைய வாழ்க்கையை ஆளுயர உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லத் தக்க இடம்தான். ஆனால் ஊரே கைவிட்டுப் போனவர்கள் எதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு அம்மாதம் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெள்ளவத்தையில் என் அயலில் வசிக்கும் பெரியவர் அவர்களில் ஒருவர். சோனகத் தெருக்காரர்.

அவருக்காகத்தான் 'நூலகம்' இணையத்தளத்தைத் திறந்தேன். 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில், ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் மலர்கள், சனசமூக நிலைய வெளியீடுகள் என்று வேறெங்கும் எஞ்சாத காகிதங்களும் சேர்ந்திருக்கின்றன. கட்டடமும் காவலாளியும் இல்லாத கிராமத்து நூதனசாலை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

ஒரு பழைய மலரைத் திறந்து, ஆசிச் செய்திகளைக் காட்டினேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, கடைசிப் பக்கத்துக்குப் போங்க" என்றார். அங்கே விளம்பரங்கள். மூன்று வரியில் அவருடைய வாப்பாவின் கடை. திரையைக் கையால் தடவினார்.

என் குறை இங்கேதான். 'நூலகம்' தரும் உள்ளடக்கப் பட்டியலில் பெரும்பாலும் கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயருமே வருகின்றன. கடை விளம்பரமும் நன்கொடையாளர் பட்டியலும் பக்கங்களாக மட்டும் கிடக்கும். பெயரைத் தட்டிப் பார்த்தால் அகப்படாது. இலக்கியக்காரரின் பழக்கம் இது. எஸ். எச். எம். ஜெமீலின் 'சுவடி ஆற்றுப்படை', என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' ஆகிய பெரும் உழைப்புகளும் நூலையும் நூலாசிரியரையும் தேடிப் போனவையே. அது நூல் விபரத்திரட்டுக்குச் சரி. மலருக்கு எழுத்தாளன் முக்கியமானவன் அல்லன். முதற் கட்டுரை எப்படியும் அறபு வணிகரின் மரக்கலத்தில்தான் வந்து இறங்கும்! தையற்கடை எது, ஓடு வாங்க ஐம்பது ரூபா கொடுத்த விதவை யார் என்பதெல்லாம் பின்பக்கங்களில் இருக்கின்றன.

ஏற்கெனவே உழைப்பவர்களிடம் இன்னும் வேலை கேட்பது நியாயமா என்று கேட்கலாம். கேட்கும் தகுதி எனக்கு இல்லைதான். வீடு மாறியபோது ஒரு கட்டு மலர்களைப் போத்தல்-பேப்பர்காரனிடம் நிறுத்துக் கொடுத்தவன் நான். அவை கடலைச் சரையாகியிருக்கும். எனவே தட்டச்சு வேலையை நாம் ஏற்க வேண்டும். விளம்பரப் பக்கங்களை வாசித்துச் சொல்லக் கூடியவர்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். படத்தில் இருப்பது யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியவர் அடுத்த விளம்பரத்தைக் காட்டி, "இது யாருட கடை தெரியுமா?" என்றார். அப்பியாசக் கொப்பியை எடுத்தேன். பதினொரு கடை எழுதி முடித்தோம். பன்னிரண்டாவதின் பெயர் அவர் நாவில் நின்றபோது அஸருக்கு வாங்கு சொன்னார்கள்.