ஒன்றரை டாலரில் உடைந்த ஒற்றுமை

கரீபியன் தீவுகள் சுற்றுலாவில் கைகோத்து நெடுங்காலமாகிறது. 1951இல் உருவான சங்கமும் 1974இல் எழுந்த ஆய்வு மையமும் 1989இல் இணைந்து கரீபியன் சுற்றுலா அமைப்பு ஆயின. வருகைக் கணக்கெடுப்பு, பணியாளர் பயிற்சி, வெளிநாட்டு விளம்பரம் ஆகியவற்றில் அதன் உழைப்பு சிறிதல்ல. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு குட்டித் தீவு தனியாகத் தன் பெயரை நிலைநாட்டிவிட முடியாது. ஆனால் விளம்பரச் செலவைப் பங்கிடும்போது நிலைக்கிற இந்தக் கூட்டு, வருமானத்தைக் காக்க வேண்டிய இடத்தில் கலைந்துவிடுகிறது.

உல்லாசக் கப்பல்களின் கதையே இதற்குச் சான்று. பயணி ஒருவருக்குக் குறைந்தது 10 டாலர் தலைவரி வாங்குவதென்று 1990களின் முற்பகுதியில் கரீபியன் சமூகம் எனும் காரிகாம் கூட்டமைப்பு நாடுகளின் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். கப்பல் நிறுவனங்கள் எதிர்த்தன. முடிவு ஏட்டோடு நின்றது. பின்னர், குப்பையைக் கையாளும் உலக வங்கித் திட்டத்தின் பகுதியாக, தலைக்கு வெறும் 1.50 டாலர் தீர்வை வந்தது. கிரெனடா அதைக் கேட்டு நின்றபோது, 1999இல் கார்னிவல் நிறுவனம் அந்தத் தீவையே தன் பயணப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் கப்பல்களுக்கு வேறு துறைமுகங்கள் திறந்தே இருந்தன. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வேஜியன் என்ற மூன்று குழுமங்களே பெரும்பாலான கப்பல்களை ஆள்கின்றன. அவற்றின் எதிரே தீவுகள் தனித்தனியாகப் பேரம் பேசினால், விலையை யார் தீர்மானிப்பார்கள் என்பதில் ஐயமே இல்லை. வானிலும் இதே குறைதான்: பல தீவுகளை இணைத்த லியாட் விமான நிறுவனத்தின் பங்குச் சுமையைச் சில அரசுகளே சுமந்தன, 2020இல் அது நொடித்துப்போனது.

கூட்டு வரி கப்பல்களை விரட்டிவிடும் என்பார்கள். கப்பல் நிறுவனங்களின் கையில் கோகோகே போன்ற தனியார் தீவுகள் இருப்பதால் இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் ஒரு வாரப் பயணத்தை மணல் திட்டுகளை மட்டும் காட்டி விற்க முடியாது. பழைய ஊர்களும் எரிமலைகளும் மழைக்காடுகளும் வேண்டும். இறையாண்மை போய்விடும் என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. கிழக்குக் கரீபியன் நாடுகள் தங்கள் பொது நாணயத்தின் மதிப்பை 1976 முதல் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று மாறாமல் வைத்திருக்கின்றன. 2007 கிரிக்கெட் உலகக்கோப்பைக்காகப் பத்து நாடுகள் ஒரே உள்நாட்டு வெளியாக மாறி, பொது விசாவும் கொடுத்தன. கட்டணம் அதிகம் என்ற குறை எழுந்தது உண்மை. ஏற்பாடு மே நடுவில் முடிந்தும் போனது. ஆனாலும் மனம் வைத்தால் முடியும் என்பது அப்போது நிரூபணமானது.

கனமான மறுப்பு ஒன்றுதான்: தீவுகள் சமமானவை அல்ல. பார்படோஸுக்கு இருக்கும் வெண்மணல் கரைகளும் நீண்டதூர விமானங்களும் டொமினிகாவுக்கு இல்லை. ஒரே வரி எளியவரையே முதலில் அடிக்கும். எனவே குறைந்தபட்ச வரியோடு, வசூலில் ஒரு பங்கைப் பொது நிதியாக்கி, கப்பல் இழக்கும் தீவுக்கு ஈடு கொடுக்கும் விதியும் வேண்டும். அன்று கிரெனடாவுக்கு அப்படியொரு நிதி துணை நிற்கவில்லை. எல்லா நாடுகளும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொது நாணயம் வைத்திருக்கும் கிழக்குத் தீவுகளே இதைத் தொடங்க வேண்டும்.